பழைய பிக்கப்பின் பின்பெட்டி: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா, தட்டைத் தளம் ஏற்றுவதா?

பின்சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். தகட்டில் முட்டி நின்றால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால், இந்தப் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது.

இருபது, முப்பது வயதான பிக்கப்புகளில் இதுதான் வழக்கம். எஞ்சின் நன்றாக ஓடும், கியரில் குறை இருக்காது, கேபினும் உறுதியாக நிற்கும். பின்பெட்டி மட்டும் முதலில் துருவேறிக் கரைந்துபோகும். அதற்கு வழிகள் நான்கு. இருக்கும் பெட்டிக்கே ஒட்டுப் போடலாம். அதே மாடலின் வேறொரு வண்டியிலிருந்து நல்ல பெட்டியைக் கொண்டுவந்து பூட்டலாம். புதிய தகடுகளை வாங்கிப் பெட்டியை மறுபடி கட்டலாம். பெட்டியே வேண்டாமென்று பக்கச்சுவர் இல்லாத தட்டைத் தளத்தை ஏற்றலாம்.

எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியை விலைபேசி வாங்கிவிட்டு, பழையதைக் கழற்றும் நாளில்தான் அடியில் இருப்பதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். கழற்றிய பெட்டியை மறுநாளே திரும்பப் பூட்டிவிடலாம். வெட்டிய தகட்டையோ, கொடுத்த பணத்தையோ அப்படித் திரும்பப் பெற முடியாது.

பெட்டி ஏன் தனியாக இருக்கிறது

பழைய பிக்கப்புகளில் கேபினும் பெட்டியும் ஒரே உடல் அல்ல. சேஸ் என்ற இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது சேஸ் முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு பக்கம் சாய, பெட்டி மறுபக்கம் சாயும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எங்காவது தகடு கிழியும். அதற்காகவே நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். பெட்டியைக் கழற்றும் வசதி நமக்குக் கிடைப்பதும் அதனால்தான். ஹோண்டா ரிட்ஜ்லைன், செவ்ரோலெட் அவலாஞ்ச் போன்றவற்றில் பெட்டி உடலோடு சேர்ந்தே வருகிறது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒட்டுப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

துரு தொடங்கும் இடங்களும் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கின்றன. சக்கர வளைவில் உள் தகடும் வெளித் தகடும் மடிந்து சேரும் விளிம்பில், சக்கரம் வாரியடிக்கும் சேறு போய்த் தங்குகிறது. தளத் தகட்டின் அடியில் குறுக்குச் சட்டங்கள் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். புள்ளிகளுக்கு இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் நீர் நுழைந்தால் அங்கே காய்வதே இல்லை. குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இதே இடங்களில்தான் தங்கும். வளைவில் விழும் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடியில் குறுக்குச் சட்டம் கரைவது தெரியாது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியதோ இந்த இரண்டாவதுதான்.

கழற்றும் வேலை

முந்தைய சில நாட்களாகவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வாருங்கள். இந்த வேலையில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. பெட்டியைச் சேஸோடு பிணைப்பவை வழக்கமாக ஆறு அல்லது எட்டு போல்ட்டுகள். சில வண்டிகளில் அறுகோணத் தலை இருக்கும். ஃபோர்டு வண்டிகளில் பெரும்பாலும் நட்சத்திர வடிவக் குழி இருக்கும். அந்தக் குழியில் இறுகியிருக்கும் மண்ணை ஊசியால் துப்புரவாகக் கிளறி எடுத்து, அதில் பொருந்தும் திருகு முனையான பிட்டைச் சுத்தியலால் தட்டி ஆழமாக இறக்கி, நீண்ட கைப்பிடியால் நிதானமாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுக் குழியை மழுக்கிவிட்டால் அரைநாள் வேலை இரண்டு நாளாகும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். போல்ட்டின் தலைகள் அதற்கு அடியில்தான் இருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே மற்ற வேலைகள். பின்கதவைக் கழற்றினால் இருபது கிலோவுக்கு மேல் பாரம் குறையும். எரிபொருள் ஊற்றும் குழாயின் வாய், சில ஸ்குரூக்களால் பெட்டியின் பக்கத் தகட்டோடு பூட்டப்பட்டிருக்கும்; அவற்றை எடுத்துவிட்டு வாயை மூடி வையுங்கள். அங்கிருந்து சேஸுக்கு ஓர் எர்த் வயர் போகலாம், அதை மறந்தால் தூக்கும்போது அறுந்துவிடும். பின் விளக்குகளின் இணைப்புகள், நம்பர் பலகை விளக்கு, முன்பு யாரேனும் இழுவைக்காகச் சேர்த்த வயர்கள் எல்லாவற்றையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். பம்பர் பெரும்பாலும் சேஸில்தான் பூட்டியிருக்கும். அதைச் சற்று இறக்கிவிட்டால் பெட்டியைப் பின்னோக்கி எடுக்க வசதி.

ஒரு போல்ட் திரும்பாமல் அடம்பிடித்தால், அதைச் சூடாக்கக் கேஸ் விளக்கைத் தேடாதீர்கள். எரிபொருள் டேங்கும் அதன் குழாய்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. டேங்க் காலியாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் எளிதில் தீப்பிடிக்கும். கிரைண்டரின் பொறியும் தீக்கு ஒப்பானதே. கைரம்பத்தால் அறுத்தெடுக்கலாம், அல்லது போல்ட்டின் தலையை மேலிருந்து துளைத்து நீக்கலாம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பின்கதவு இல்லாத முழு அளவுப் பெட்டி 150 கிலோவுக்குக் குறையாது. நான்கு மூலையிலும் ஆட்கள் நின்று தூக்கலாம், ஆறு பேர் இருந்தால் நிம்மதி. முதலில் நேராக மேலே தூக்கி, எரிபொருள் குழாய் விடுபட்டதைப் பார்த்துவிட்டுப் பின்னே நகருங்கள். ஆட்கள் இல்லையென்றால் உறுதியான விட்டத்தில் செயின் பிளாக் கட்டி, நான்கு மூலைக்கும் பட்டை போட்டுத் தூக்கி, வண்டியை முன்னே தள்ளி எடுத்துவிடலாம். தொங்கும் பெட்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. இறக்கி வைக்கும்போது சமமான மரக்கட்டைகள் மேல் வையுங்கள்; மூலை தாழ்ந்து கிடந்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

இப்போது பார்க்க வேண்டியது

பெட்டி இல்லாத வண்டியை முதலில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு சிறு சுத்தியலோடு சேஸின் முழு நீளத்தையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு தொப்பென்று அமுங்கும். லீஃப் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கொக்கிகளையும், சேஸ் பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறும் இடத்தையும், ஷாக் அப்சார்பரின் மேல் பிடிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். டகோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸ் துரு தொடர்பான வழக்கில் டொயோட்டா நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்து, சேஸைச் சோதித்துத் தேவைப்பட்டால் மாற்றித்தர ஒப்புக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, 2005 முதல் டகோமாவின் பெட்டித் தளம் துருப்பிடிக்காத கலவைப் பொருளால் ஆனது. மேலே பெட்டி புதிதுபோல் இருக்கும். அதை நம்பி அடியைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

என் வண்டியில் இரண்டு முறை சக்கர வளைவுக்கு ஒட்டுப் போட்ட பிறகுதான் பெட்டியைக் கழற்றினேன். சேஸ் நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் உட்புறமாக ஓடும் பின் பிரேக் குழாய், ஒரு பிடிப்புக்கு அடியில் துருவேறித் தாள்போல் மெலிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் நான் வெளித் தகட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். என் குடும்பத்தை ஏற்றிச் சென்ற வண்டியின் பிரேக் அந்த நிலையில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து பெட்டியை வெறும் அழகு விவகாரமாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பெட்டி எடுத்த நிலையில் செய்ய வேண்டிய மற்ற வேலைகளும் இருக்கின்றன: டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப், எரிபொருள் குழாய்கள், கைபிரேக் கேபிள், வயரிங். பம்ப் பழையதென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள், மேலிருந்து கை எட்டும். பலர் இந்தப் பம்புக்காகவே பெட்டியைக் கழற்றுவதுண்டு.

சேஸ் போய்விட்டதென்றால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதிக்குத் தேவையே இல்லை. உளுத்த சேஸின் மேல் நல்ல பெட்டியை வைக்காதீர்கள்.

ஒட்டுப் போடுவது

பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் குறுக்குச் சட்டங்களை எண்ணுங்கள். எல்லாம் உறுதியாக இருந்து, சக்கர வளைவும் முன்தகட்டின் கீழ் விளிம்பும் மட்டும் போயிருந்தால் ஒட்டுப் போடுவது சரியான தேர்வு. ஒரு சட்டம் போயிருந்தால் புதிதாகச் செய்து வைக்கலாம். இரண்டுக்கு மேல் போயிருந்தால் நான் ஒட்டு வேலையை விட்டுவிடுவேன். சட்டத்தை மாற்றத் தளத்தைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் தளமும் கிழியும், கடைசியில் நான்காவது வாரத்தில் நீங்கள் ஒரு பெட்டியையே புதிதாகச் செய்துகொண்டிருப்பீர்கள்.

பெட்டி வண்டியில் இருக்கும்போது போடும் ஒட்டுக்கும், கழற்றிப் போடும் ஒட்டுக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகையில் வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் ஆகும், உள்பக்கம் எரிந்த பெயின்ட்டோடு வெறும் இரும்பாக நிற்கும். துரு அங்கிருந்தே திரும்ப வரும். என் முதல் இரண்டு ஒட்டுகளும் அப்படித்தான் போயின. கழற்றிய பெட்டியில் இரு பக்கமும் சுரண்டி, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, விட்டுவிட்டுப் புள்ளியாக வெல்டிங் செய்து, இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் பூச்சு போட்டு, குழிகளுக்குள் மெழுகுப் பூச்சு தெளிக்க முடிகிறது. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகக்கவசத்தோடு செய்யுங்கள். ஓட்டையின் மேல் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே நீர் தங்க நாமே அறை கட்டிக்கொடுப்பது போன்றது அது.

வேறொரு வண்டியின் பெட்டி

சாதாரணப் பயன்பாட்டில் இருக்கும் வண்டிக்கு நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். தொழிற்சாலையில் செய்த பெட்டியின் நேர்த்தி எந்தப் பட்டறையிலும் வராது. எரிபொருள் வாய், விளக்குகள், போல்ட் துளைகள், பின்கதவு எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். காலையில் தொடங்கினால் மாலையில் வண்டியை ஓட்டலாம்.

ஆனால் பொருத்தம் பார்ப்பதில் கண்டிப்பு வேண்டும். ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே பெட்டியின் நீளம் சுமார் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று மாறும். சேஸும் அதற்கேற்ப மாறும். இரட்டைப் பின்சக்கர வண்டியின் பெட்டிக்குப் பக்கங்கள் அகன்றிருக்கும். சில பழைய மாடல்களில் இரண்டு டேங்க், இரண்டு எரிபொருள் வாய்கள் உண்டு. ஆண்டு மட்டும் ஒத்துப்போனால் போதாது, தலைமுறை ஒத்துப்போக வேண்டும். 1988 முதல் 1998 வரை வந்த செவ்ரோலெட் சி/கே பிக்கப்பும் அதே தலைமுறை ஜிஎம்சி சியராவும் உடன்பிறப்புகள். ஒன்றின் பெட்டி மற்றொன்றில் உட்காரும். அடுத்த தலைமுறையின் பெட்டி பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் போல்ட் துளையும் உடல் கோடும் பொருந்தாது.

வாங்கப் போகும்போது காந்தமும் டார்ச்சும் அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி எனப்படும் நிரப்பி ஒளிந்திருக்கிறது, அதன் அடியில் துருவோ விபத்தோ இருக்கிறது. பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் கீழே மணலும் நீரும் ஆண்டுக்கணக்கில் தளத்தை அரைத்திருக்கலாம். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவுகள் வேறுபட்டால் அது அடிபட்ட பெட்டி. நிறம் ஒத்துப்போகவில்லை என்பதற்காக நல்ல பெட்டியை விட்டுவிடாதீர்கள். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், துருவில்லாத குறுக்குச் சட்டங்கள் தேடினாலும் கிடைப்பதில்லை.

புதிய தகடுகள்

இது பழமையைப் போற்றி வைத்திருக்கும் வண்டிகளுக்கான வழி. பெயர்பெற்ற பழைய செவ்ரோலெட், ஃபோர்டு மாடல்களுக்குப் பக்கத் தகடு, தளம், முன்தகடு என்று எல்லாமே மறுதயாரிப்பில் கிடைக்கின்றன. செவ்ரோலெட்டின் ஸ்டெப்சைடு வகைப் பெட்டிக்கு (சக்கர மட்கார்டு பக்கச்சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் வகை) 1987 வரை மரப் பலகைத் தளமே வந்தது. அத்தகைய தளத்தில் பலகையையும் இடைப்பட்டையையும் மட்டும் மாற்றுவது மனதுக்கு இதமான வேலை, வெல்டிங்கே வேண்டாம். இரும்புத் தளம் என்றால் கதை வேறு. மறுதயாரிப்புத் தகடு அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொருந்துவது அரிது. தட்டி, இழுத்து, துளையை நீட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். டிங்கர் வேலை தெரிந்த கை உங்களுடையதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். தினமும் சுமை ஏற்றும் வண்டிக்கு இது தேவையில்லை.

தட்டைத் தளம்

வண்டி உழைப்பதற்கென்றே இருந்தால் இதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். முழு அளவுப் பெட்டியில் சக்கர வளைவுகளுக்கு நடுவே சுமார் நான்கு அடிதான் கிடைக்கிறது. தட்டைத் தளத்தில் வண்டியின் முழு அகலமும் உங்களுடையது. மூன்று பக்கமிருந்தும் ஏற்றலாம், இறக்கலாம். பக்கத் தகடு நசுங்கும் என்ற கவலை இல்லை. துருப்பிடிக்கும் மடிப்புகளும் இல்லை.

விலையாக மூன்றைக் கொடுக்கிறோம். முதலாவது உயரம். பழைய பெட்டியில் சக்கரம் மேலே எழும்பும்போது வளைவுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். தட்டைத் தளத்தில் அந்த வளைவு இல்லை என்பதால், முழுச் சுமையில் சக்கரம் எழும்பினாலும் உரசாத உயரத்தில் தளத்தை வைக்க வேண்டும். நாள்தோறும் கையால் சுமை ஏற்றுபவரின் முதுகு அந்த உயரத்தை உணரும். வளைவுகளில் வண்டியின் சாய்விலும் அது தெரியும்.

இரண்டாவது எடை. எட்டரை அடி இரும்புத் தளம் அரை டன்னை நெருங்கலாம். உதாரணமாக 700 கிலோ சுமக்கலாம் என்று குறிக்கப்பட்ட வண்டியில், 180 கிலோ பெட்டியை இறக்கிவிட்டு 480 கிலோ தளத்தை ஏற்றினால் மிஞ்சுவது 400 கிலோ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு, தளம் மாறியதால் கூடாது. அலுமினியத் தளம் ஏறக்குறைய பாதி எடைதான், துருவும் பிடிக்காது. ஆனால் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவில் ரப்பர் பட்டையும் பூச்சுள்ள போல்ட்டும் கட்டாயம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப் பலகை வைத்த தளத்தை எனக்குப் பிடிக்கும். உடைந்த பலகையை மட்டும் மாற்றலாம், சுமை வழுக்காது. ஆண்டுதோறும் எண்ணெய் பூசும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது பொருத்தும் வேலை, பலர் சறுக்குவது இதில்தான். பிக்கப்பின் சேஸ் பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறுகிறது, மேற்பரப்பு சமமாக இல்லை. ஆகவே தளத்துக்கு அடியில் அந்த வளைவுக்கேற்ப உயரம் மாறும் தாங்கிகள் வேண்டும். தளத்தைச் சேஸோடு நேரடியாக வெல்டிங் செய்யக் கூடாது. சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவும் கூடாது, அங்கிருந்து விரிசல் கிளம்பும். ஏற்கெனவே உள்ள துளைகளையும் பக்கச் சுவரில் பூட்டும் தகடுகளையும் பயன்படுத்துங்கள். எரிபொருள் குழாயை டேங்கை நோக்கி இடைவிடாமல் சரிவாக வைத்து, காற்றுக் குழாயையும் மடங்காமல் கொண்டுபோங்கள். எங்காவது தொய்வு விழுந்தால் எரிபொருள் ஊற்றும்போதெல்லாம் பெட்ரோல் பங்க் குழாயின் கைப்பிடி நின்று நின்று போகும். விளக்குகள், மட்கார்டு, நம்பர் பலகை எல்லாம் புதிதாக அமைக்க வேண்டும். உடல் வகையை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பழைய டொயோட்டா பிக்கப் போன்ற சிலவற்றில், பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் தருவது என்று அது அளந்துவிடுகிறது. தளமோ ஸ்பிரிங்கோ மாறி உயரம் மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். வால்வைத் திரும்பச் சரிசெய்யாமல் சாலையில் இறக்காதீர்கள். பெட்டியே இல்லாமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பின்பாரம் இல்லாத வண்டியில் பிரேக் அழுத்தினால் பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

நான் கடைசியில் எடுத்தது வேறொரு வண்டியின் பெட்டி. என் வண்டி பாதி நாள் குடும்பத்துக்கு, பாதி நாள் மரச்சாமான்களுக்கு. பக்கச்சுவர் இல்லாமல் அந்தச் சாமான்களை மழைக்கு மூடிக் கட்டுவது கடினம், தளத்தின் உயரமும் எனக்கு ஒத்துவராது. பழைய போல்ட் ஒன்றைக்கூடத் திரும்பப் பயன்படுத்தவில்லை. நடுவில் இருந்த ரப்பர் மெத்தைகளையும் புதிதாக மாற்றினேன். எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகக் கோத்து, கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல் வரும்வரை நகர்த்திய பிறகே, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது, எட்டுப் போல்ட்டுகளில் இரண்டு, ஆளுக்குக் கால் சுற்று இடம் கொடுத்தன.